பாதிப் பொட்டு

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதும் தனக்குப் பெண் கிடைப்பதும் ஒன்றுதான் என்று முகுந்தன் சொல்லிக்கொள்வான். இரண்டுக்கும் சுற்றிச் சுற்றி வந்து பெட்ரோல் தீர்ந்ததுதான் மிச்சம். அன்றைக்கும் பொறுமை போய், ஒரு பூக்கடைக்கு முன்னால் வண்டியைப் பாதி ஏற்றி நிறுத்தினான்.

"அண்ணே, நகராட்சிக்காரன் டிக்கெட் எழுத வந்தா, இது சாமிக்கு மாலை வாங்க வந்த வண்டின்னு சொல்லுங்க."

"மாலை வாங்கு, சொல்றேன்" என்றார் பூக்கடைக்காரர்.

வேறு வழியில்லாமல் கையில் ஒரு முழம் மல்லிகையோடு அவன் அமுதவள்ளியின் ரேடியோ ரிப்பேர் கடைக்குள் ஓடியபோது, சந்திரகலா ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யான கோரிக்கைகளை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவள், இப்போது அதே மூக்கை வைத்துத் தனியாகத் துப்பறிகிறாள். முகுந்தன் அவளுடைய உதவியாளன், ஓட்டுநர், அவ்வப்போது தலைவலி.

"பூ யாருக்கு?" என்றாள் சந்திரகலா.

"சாட்சிக்கு லஞ்சம், அக்கா."

அவள் சிரிக்கவில்லை. கடையில் சிரிக்கிற மாதிரி எதுவும் இல்லை. ரேடியோ, ஆம்பிளிஃபையர், ஸ்பீக்கர் என்று பழுதுக்கு வந்த சாமான்கள் அடுக்கியிருக்க வேண்டிய தட்டுகள் காலியாகக் கிடந்தன. தூசியில் சதுரம் சதுரமாகச் சுத்தமான இடங்கள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு சதுரத்திலும் நேற்றுவரை ஒரு பெட்டி இருந்திருக்கிறது.

"எல்லாரும் வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள் அமுதவள்ளி. நாற்பதைத் தொட்ட பெண். சால்டரிங் சூட்டுக்கோலைக் கையில் வைத்திருந்தாள். பழுது பார்க்க ஒன்றும் இல்லை என்பதால் சும்மா வைத்திருந்தாள். "இதை அவரு குரூப்ல போட்டதும் ஆரம்பிச்சது."

கைப்பேசியை நீட்டினாள். கிள்ளான் வட்டார இசைப்பெட்டி ரசிகர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழு. அதில் பழனியப்பன் எழுதியிருந்தார். கிள்ளானில் லோரி கம்பெனி நடத்துகிறவர். குழுவில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. தன் ஆம்பிளிஃபையரைச் சர்வீஸுக்குக் கொடுத்ததாகவும், அமுதவள்ளி உள்ளேயிருந்த அசல் சாமான்களை எடுத்துக்கொண்டு மட்டமானதைப் போட்டுத் திருப்பித் தந்ததாகவும் எழுதியிருந்தார். சத்தம் செத்துவிட்டது, என் காது பொய் சொல்லாது, இன்று மாலை போலிஸில் ரிப்போர்ட் செய்யப்போகிறேன் என்று முடித்திருந்தார்.

"எடுத்தியா?" என்று சந்திரகலா நேராகக் கேட்டாள்.

"இல்லக்கா."

"சத்தம் மாறியிருக்கா?"

"ஆம்ப்ல மாறலக்கா. கம்பெனி பேப்பர்ல என்ன நம்பர் இருக்கோ அதே நம்பர்தான் என் மீட்டர்லயும் வந்துச்சு. அவரு கூட்டாளி கார்த்திகேசு அங்கிள், பழைய இன்ஜினியர், அவரும் சொந்த மெஷின் வெச்சி அளந்து பாத்துட்டு ஆம்ப் சரின்னுதான் சொன்னாராம். பழனியப்பன் அண்ணே அதைக் காதுலயே வாங்கல." சூட்டுக்கோலை மேசையில் வைத்தாள். "ரிப்போர்ட் போட்டுட்டாருன்னா இந்தக் கடைய நான் மூட வேண்டியதுதான். திருடி கிட்ட யாரு சாமான் குடுப்பா?"

சந்திரகலா தட்டுகளை ஒருமுறை பார்த்தாள். "வேலை செய்யுற ஆம்ப் ஏதாச்சும் இருக்கா? எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி."

"என்னோடது ஒண்ணு இருக்கு. கடையில பாட்டு கேக்க."

"அதைக் குடு. முகுந்தன், தூக்கு."

முகுந்தன் தூக்கினான். தூக்கியதும் வருந்தினான். "அக்கா, இது ஆம்பா, அம்மிக்கல்லா?"

வண்டியில் டிக்கெட் ஒட்டியிருந்தது. பூக்கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபெடரல் ஹைவேயில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் இந்த ஹைவேயில் எல்லாரும் நகரவே மறந்துவிடுவார்கள். ஷா ஆலம் பக்கம் வந்தபோது வண்டி நகர்கிறதா, நிற்கிறதா என்றே சொல்ல முடியவில்லை. சந்திரகலா கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் பொறுங்க அண்ணே, வந்துக்கிட்டே இருக்கோம்." மறுமுனையில் பழனியப்பன் கத்துவது முகுந்தனுக்கே கேட்டது. காலில் சட்டை போட்டாகிவிட்டது, கையில் சாவி இருக்கிறது, கிளம்பப் போகிறேன் என்று ஒரே மூச்சில் கத்தினார்.

"பதட்டத்துல சட்டையைக் கால்ல போட்டுட்டாரு போல" என்றான் முகுந்தன்.

"நீ ரோட்டைப் பாரு."

"எனக்கு ஒண்ணு புரியலக்கா. நம்பர் சரின்னா சத்தமும் சரியாத்தானே இருக்கணும்? அவரு சும்மா மனப்பிராந்தியில பேசுறாரு."

"உங்க அம்மா சாம்பாருக்கு உப்பு பாக்க மீட்டரா வெச்சிருந்தாங்க?"

"நாக்குதான்."

"அப்ப காதை மட்டும் ஏன் நம்ப மாட்டேங்கிற?"

"சரி, காதை நம்புவோம். அப்ப அமுதாக்கா திருடி."

"உங்க அப்பாவுக்குச் சக்கரை எவ்வளவுன்னு நாக்கை வெச்சா பாத்தாரு டாக்டர்?"

முகுந்தன் வைப்பரை வேகமாக்கினான். இந்த அக்காவிடம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உதைதான். ஆனால் அவள் விரல்கள் கைப்பையின் மேல் தாளம் போட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்தான். அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. தட்டுகளில் இருந்த அந்தச் சதுரங்கள் அவன் கண்ணைவிட்டும் போகவில்லை. நகராத லோரியின் பின்பக்கத்தை முறைத்துக்கொண்டே ஹார்னை அழுத்தினான், அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும்.

கிள்ளான் வீட்டு வாசலில் பழனியப்பன் நின்றுகொண்டிருந்தார். கனத்த உடம்பு, கையில் கார் சாவி. பின்னால் அவர் மனைவி சீதாலெட்சுமி, "உள்ள வரச் சொல்லுங்க, நனையுறாங்க" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

பாட்டு கேட்பதற்கென்றே ஓர் அறை வைத்திருந்தார் மனிதர். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. எதிரே ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், முகத்தில் கறுப்புத் துணிக் கவர் மாட்டியிருந்தது. ஓரத்தில் மெலிந்த பெரியவர் ஒருவர், மடித்துவிட்ட முழுக்கைச் சட்டையும் சட்டைப்பையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மீட்டர் பதித்த தகரப்பெட்டி ஒன்று.

"இவன்தான் கார்த்திகேசு. என் கூட்டாளி" என்றார் பழனியப்பன். "இவனுக்குக் காது கிடையாது. மீட்டர்தான்."

"இவனுக்கு மூளை கிடையாது. காதுதான்" என்றார் கார்த்திகேசு. பல வருடங்களாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம் என்று தெரிந்தது. ஆனால் இன்று அவர் அதைச் சொன்னபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அந்தப் பெட்டி நீங்களே செஞ்சதா அங்கிள்?" என்று கேட்டான் முகுந்தன். அத்தனை திருகாணிகளும் தலையில் உள்ள கோடு நெட்டுக்குத்தாக நிற்கும்படி முறுக்கப்பட்டிருந்தன. பள்ளிக்கூட அசெம்பிளியில்கூட அவன் இப்படி நின்றதில்லை.

"ஆமா. ஒரு வேலை செஞ்சா ஒழுங்கா செய்யணும்."

பழனியப்பன் பொறுமை இழந்தார். "இங்க பாருங்க." ஆம்பிளிஃபையரின் நெற்றியைக் காட்டினார். பளிச்சென்று சந்தனமும் குங்குமமும் இருந்தன. "ஆயுத பூசைக்கு நான் வெச்ச பொட்டை அழிச்சிட்டு, அந்தப் பொண்ணு புதுசா வெச்சி அனுப்பியிருக்கா. ஒண்ணும் நடக்காத மாதிரி."

"சர்வீஸ் பண்ணா தொடைக்கத்தானே வேணும். வெறும் நெத்தியா அனுப்பாம மறுபடி வெச்சிருக்கா" என்றாள் சந்திரகலா. "சரி, ஒரு சின்னப் பரீட்சை. நீங்க பாட்டு எப்படிக் கேப்பீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டு. பாக்க ஆரம்பிச்சா கேக்க முடியாது."

"அப்படியே உக்காருங்க. ரெண்டு தடவை போடுறோம். என்ன தோணுதோ சொல்லுங்க."

முகுந்தன் அலமாரிக்குப் பின்னால் மண்டியிட்டான். முதல் தடவை எல்லாம் இருந்தபடியே இருந்தது. பழைய பாட்டு ஒன்று எழுந்தது. முகுந்தனுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாற்காலியில் இருந்தவரின் முகம், பல்வலிக்காரர் ஐஸ் தண்ணீர் குடித்ததுபோல் சுருங்கியது.

"நிறுத்துங்க. இதுதான். பாடுற அம்மா முகத்துல துணியைப் போட்டு மூடுன மாதிரி. முன்ன எல்லாம் அவங்க மூச்சு வாங்குறதே கேக்கும்."

முகுந்தன் வயர்களைப் பிடுங்கி, பிரிக்பீல்ட்ஸ் அம்மிக்கல்லில் சொருகினான். அதே பாட்டு. அதே சுருக்கம்.

"அதே துணி" என்றார் பழனியப்பன். "என் ஆம்ப்தான். கெட்டுப்போன என் ஆம்ப்."

"கண்ணைத் திறங்க."

திறந்தார். அவருடைய ஆம்பிளிஃபையர் அணைந்து கிடந்தது. தரையில் அமுதவள்ளியின் பெட்டி பச்சை விளக்கோடு பாடிக்கொண்டிருந்தது.

கார்த்திகேசு தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "பாத்தியா. உனக்கு எது எதுன்னே தெரியல. இதைத்தான் நான் இத்தனை வருஷமா சொல்றேன். எல்லாம் மனப்பிராந்தி."

"இல்ல அங்கிள்" என்றாள் சந்திரகலா அமைதியாக. "ரெண்டும் வேற கம்பெனி, வேற மாடல். ஆனா ரெண்டுலயும் ஒரே துணியைத்தான் இவரு கேட்டாரு. ஆம்ப் கெட்டிருந்தா, ஆம்ப்பை மாத்துனதும் துணி விலகியிருக்கணும். விலகல. அப்ப துணி ஆம்ப்ல இல்ல. வேற எங்கயோ இருக்கு. இவரு காது சரியாத்தான் கேட்டிருக்கு."

தன் பக்கம் பேசுகிறாள் என்று பழனியப்பனுக்கு முகம் மலர்ந்தது. கார்த்திகேசு உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்ததைவிட உட்கார்ந்ததுதான் வேகம் என்று முகுந்தனுக்குப் பட்டது.

"ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சீங்களா அண்ணே?" என்றாள் சந்திரகலா.

"எல்லாத்துக்கும். பிளேயர்ல பாருங்க, காஞ்சு கெடக்கு."

"ஸ்பீக்கருக்கு?"

"வைக்காம இருப்பேனா? ஆனா நடுவுல அதிர்ற கோன்ல பட்டா பாரம் ஏறி சத்தம் மாறிடும். அதனால சுத்தியிருக்கிற இரும்பு வளையத்துலயும் பெட்டிக் கட்டையிலயுமா, ரெண்டும் சேர்ற எடத்துல வெச்சேன். அப்புறம் கவரைப் போட்டதுதான். பூனை நகம் போடும். கவரைக் கழட்டுறதே இல்ல."

சந்திரகலா இடப்பக்கத்துக் கவரின் ஓரத்தில் விரலைக் கொடுத்து இழுத்தாள். பட்டென்று வந்தது. முகுந்தன் கைப்பேசி வெளிச்சத்தை அடித்தான்.

வட்ட ஸ்பீக்கர் யூனிட்டின் கீழே, கட்டையின் மேல், காய்ந்த சந்தனமும் குங்குமமும் பாதி நிலாவாக நின்றன. மேல் பாதி இருக்க வேண்டிய இரும்பு வளையம் துடைத்துவைத்த தட்டுபோல வெறுமையாகப் பளபளத்தது.

சந்திரகலா வலப்பக்கக் கவரையும் எடுத்தாள். அங்கேயும் பாதிதான்.

"பெட்டி உங்களோடது" என்றாள். "உள்ள பாடுறது உங்களோடது இல்ல. ஆம்ப் சர்வீஸுக்குப் போயிருந்தப்ப யாரோ யூனிட்டை மாத்தியிருக்காங்க. ஆம்ப் இல்லாம நீங்க பாட்டு கேக்க முடியாது, அதனால கண்டுபிடிக்கவும் முடியாது. ஆம்ப் திரும்பி வந்துச்சு, சத்தம் மாறியிருந்துச்சு. வீட்டை விட்டு வெளிய போயிட்டு வந்தது அது ஒண்ணுதான். பழி அது மேலயும், அதைத் தொட்டவ மேலயும் விழுந்துருச்சு."

"யாரு?" என்றார் பழனியப்பன். "என் வீட்டுக்குள்ள யாரு வருவா?"

"அந்த நாள்ல நீங்க எங்க இருந்தீங்க?"

"பினாங்குல, மக வீட்ல" என்றார் சீதாலெட்சுமி. "வீட்டைப் பூட்டிட்டுத்தான் போனோம். பூனைக்குச் சோறு போட மட்டும் கார்த்தி அண்ணன்கிட்ட சாவி..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

முகுந்தனின் வெளிச்சம் அதற்கு முன்பே வளையத்தின் திருகாணிகளில் நின்றிருந்தது. ஒன்று விடாமல் எல்லாக் கோடுகளும் நெட்டுக்குத்தாக நின்றன. கிண்டலாக ஏதாவது சொல்ல வாய் தேடியது, ஒன்றும் கிடைக்கவில்லை. வெளிச்சத்தைத் தகரப்பெட்டியின் பக்கம் திருப்பினான், அவ்வளவுதான். எல்லாரும் பார்த்தார்கள்.

"அங்கிள்" என்றாள் சந்திரகலா. "எல்லாத்தையும் அளக்குறவரு நீங்க. ஆம்பை அளந்தீங்க. ஸ்பீக்கருக்கு முன்னாடி மைக்கை வெச்சி ஏன் அளக்கல?"

கார்த்திகேசு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார்.

"பேப்பர்ல ரெண்டு யூனிட்டும் ஒண்ணுதான்" என்றார் கடைசியில். "அதே அளவு, அதே ஓம்ஸ், அதே ரேஞ்ச். ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்ல. இவன் ஒரு மாசம் கேட்டுட்டு, ஆஹா ஊஹூன்னு சொல்லுவான். அப்புறம் கவரைக் கழட்டிக் காட்டி, இப்ப என்னடா சொல்றேன்னு கேக்கலாம்னு இருந்தேன். திருடணும்னு இல்லம்மா. அசல் ரெண்டும் என் வீட்லதான் இருக்கு, துணியில சுத்தி, பத்திரமா."

"ஆனா?"

"ஒரு பாட்டு முடியல. எழுந்துட்டான். செத்துப்போச்சுடா கார்த்தின்னான்." பேனாவைத் திரும்பச் சட்டைப்பையில் சொருகினார். "எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கல. இன்னைக்கும் கேக்கல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அவன் ஜெயிச்சிருப்பான்."

இதை இவ்வளவு வெளிப்படையாக ஒரு மனிதர் சொல்லி முகுந்தன் கேட்டதில்லை. கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பாவம் சீக்கிரம் போய்விட்டது. தூசியில் அந்தச் சதுரங்கள் ஞாபகம் வந்துவிட்டன.

"அமுதாக்கா கடை காலியா கெடக்கு அங்கிள்" என்றான். "நீங்க ஜெயிக்கணும்னு."

"ஆம்ப் சரியா இருக்குன்னு நான் சொன்னேனே தம்பி."

"அது பாதிதான்" என்றாள் சந்திரகலா. "இந்தப் பொட்டு மாதிரி. ஏன் அங்கிள், இவ்வளவு ஒழுங்கா வேலை செஞ்ச நீங்க, கட்டையில இருந்த மிச்சத்தைத் தொடைச்சிருந்தா எங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதே?"

கார்த்திகேசு நிமிர்ந்து பார்த்தார். "பூசையில வெச்ச பொட்டும்மா. ஈரத்துணியை எடுத்துட்டு வந்தேன். கை போகல."

பழனியப்பன் முகத்தில் மெல்ல வெளிச்சம் ஏறியது. "அப்ப என் காது சொன்னது சரிதான். நான் சொன்னேன்ல, என் காது..."

"உங்க காது சொன்னது 'மாறிடுச்சு'ன்னு மட்டும்தான் அண்ணே" என்றாள் சந்திரகலா. "'அமுதவள்ளி'ன்னு சொன்னது வாய்."

கார் சாவியை அவர் மேசைமேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

பக்கத்துத் தெருவிலிருந்து கார்த்திகேசு திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு துணி மூட்டைகளை மார்போடு அணைத்திருந்தார். பிரித்தார்கள். இரும்பு வளையங்களின் விளிம்பில் சந்தனக் குங்குமத்தின் மறுபாதி காய்ந்திருந்தது. பழனியப்பன் அமுதவள்ளிக்குப் போன் போட்டு, சந்திரகலா சொன்னபடி எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"நீயே வந்து மாட்டிக் குடும்மா. இனிமே வேற யாரையும் நான் தொட விட மாட்டேன்."

"நான் வரல அண்ணே" என்றாள் அமுதவள்ளி. "கழட்டுனவரே மாட்டட்டும். பொட்டு ரெண்டு பாதியும் ஒண்ணா சேருதான்னு நீங்க பக்கத்துல இருந்து பாருங்க. கண்ணைத் திறந்து பாருங்க."

போனை வைத்துவிட்டாள்.

இரண்டு பெரியவர்களும் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் வெளிச்சம் பிடித்தார், ஒருவர் முடுக்கினார். "கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு" என்பதைத் தவிர அவர்களுக்குள் பேச்சே இல்லை. வழக்கமான வசனத்தை இருவருமே சொல்லவில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பும்போது குழுவில் ஒரு குரல்பதிவு வந்திருந்தது. பழனியப்பன் எழுதவில்லை, பேசியிருந்தார். அமுதவள்ளி எதையும் எடுக்கவில்லை, தப்பாகச் சொன்னது நான், எல்லாரும் அவளிடம் சாமானைத் திருப்பிக் கொடுங்கள். கேட்டவர்கள் பலர். பதில் போட்டவர் ஒருவரும் இல்லை.

அம்மிக்கல்லைக் கடையில் இறக்கி வைத்து முகுந்தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அமுதவள்ளி பதிவைக் காதோடு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு தடவை முடிந்ததும் மறுபடி போட்டுக் கேட்டாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"நடுங்குது" என்றாள் அவள். "ஆனா உள்ள இருக்கிறது அசல்தான்."

காலையில் வாங்கிய மல்லிகை வாடிப்போய் மேசையில் கிடந்தது. அதை எடுத்துச் சாமிப் படத்துக்குப் போட்டுவிட்டு, ஈரத்துணியோடு தட்டுகளின் பக்கம் போனாள். சதுரம் எது, தூசி எது என்று தெரியாதபடி முழுத் தட்டையும் துடைக்கத் தொடங்கினாள்.